ஆல்பத்தில் வைக்காத டிக்கெட்

என் ஆல்பத்தில் முந்நூறுக்கு மேல் ரயில் டிக்கெட்டுகள் இருக்கின்றன. எல்லாம் கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய அட்டை டிக்கெட்டுகள். சுண்டுவிரல் நீளம், லேசில் வளையாத கெட்டி அட்டை. ஒன்று மட்டும் ஆல்பத்துக்கு வெளியே கிடக்கிறது. பாகாலாவிலிருந்து சித்தூருக்குப் போகும் இரண்டாம் வகுப்பு டிக்கெட். அதை என் தைராய்டு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் மாத்திரை எடுக்கும்போது விரலில் தட்டுப்படும். தட்டுப்படும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைத் தந்தவன் என் அண்ணன். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்தவர்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். கூடாதுதான். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டால் மட்டும் பேப்பரை விரித்துக்கொள்கிறார்.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், பாகாலா ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டராக இருந்தவர். வண்டி ஏற வருகிறவர்களின் டிக்கெட்டை வாங்கி, பஞ்ச் என்கிற இரும்பு இடுக்கியால் ஓரத்தில் ஒரு முக்கோண வெட்டுப் போட்டு உள்ளே விடுவது அவர் வேலை. ஒருநாள் அந்த இடுக்கி கை தவறி பிளாட்பாரத்துக் கல்லில் விழுந்து முனை பெயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நைனா போடும் வெட்டில், மற்றவர்கள் போடும் வெட்டில் இல்லாத ஒரு சின்ன வால் விழும். முக்கோணத்தின் ஒரு முனை மட்டும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நிற்கும். வேறு இடுக்கி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், நைனா கேட்கவில்லை. கையெழுத்துப் போடத் தயங்கும் மனிதர் அவர். இந்த வால்தான் என் கையெழுத்து என்று சிரிப்பார். கடைசியில் ஆபீசில் அதைக் கண்டம், இனி உதவாது, என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். நைனா கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் ரிட்டயர் ஆகி நாங்கள் சித்தூருக்குக் குடிவந்தபோது அந்த இடுக்கி அண்ணனின் மைக் செட் பெட்டிக்குள் போய்விட்டது. ஒயர் நறுக்க, ரப்பர் வெட்ட என்று அவன் அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினான்.

நைனா எத்தனை டிக்கெட்டுகளில் அந்த வாலைப் போட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. போய்ச்சேரும் ஊரில் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் இல்லையா, அப்படியே மூட்டை கட்டி அழித்துவிடுவார்கள். யாரோ ஒருவர் கொடுக்க மறந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தால்தான் உண்டு. நைனா இறந்து பல வருஷம் கழித்து, நான் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நோயாளி பர்ஸிலிருந்து சில்லறையோடு ஒரு பழைய அட்டை டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். ரேணிகுண்டா டிக்கெட். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படித் தொடங்கியது இந்தப் பைத்தியம். நான் சேர்த்த முந்நூறும் ஒரு சாக்குத்தான். தேடியது அந்த வாலை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் லட்டு ஏலத்தில்தான் தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் விநாயக சவிதிக்குத் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, பிள்ளையார் கையில் பெரிய லட்டை வைத்து, சிலையைக் கரைக்க எடுத்துப்போகும் நாளில் அந்த லட்டை ஏலம் விடுவார்கள். மைக் செட் அண்ணனுடையது என்பதால் மைக்கும் அவன் கையில்தான் இருக்கும். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பான். ஒரு தரம், ரெண்டு தரம் என்பதை ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி என்று அவன் இழுக்கும்போது, கேட்க வந்தவன் மட்டுமல்ல, வெற்றிலை பாக்குக் கடையில் நின்றவனும் விலை சொல்லிவிடுவான். தொகை எப்போதும் பதினாறில்தான் முடியும். நூற்றுப் பதினாறு, ஐந்நூற்றுப் பதினாறு, ஆயிரத்து நூற்றுப் பதினாறு. தெலுங்குக்காரர்கள் மொய் எழுதுவதும் அப்படித்தான், அதுதான் மங்களம். சித்தூர்த் தமிழர்களான எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

ஏலம் எங்கேயாவது சூடு குறைந்து நின்றால் அண்ணன் காதைச் சொறிவான். அது எனக்குச் சைகை. நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையிலிருந்து, "இன்னும் ஒரு நூத்திப் பதினாறு!" என்று கத்துவேன். ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாளே என்ற ரோஷத்தில் ஆண்கள் மீண்டும் ஏறுவார்கள். எனக்கு வாங்கும் உத்தேசம் கிடையாது, கையில் பஸ் காசுதான் இருக்கும். கமிட்டிக்காரர்களுக்கும் தெரியும். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஏற்றிவிடுவது என்று அதற்குப் பெயர். பணம் சாமிக்குப் போகிறது, ஏற்றிவிட்டவளுக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு என்பார்கள். ஒரு வருஷம் நான் கத்தியதும் எதிராளி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அண்ணன் காது, மூக்கு, பிடரி எல்லாவற்றையும் சொறிந்து பார்த்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. லட்டு என் தலையில் விழுந்தது. அண்ணன்தான் தவணையில் கட்டினான். வீட்டில் ஒரு மாதம் காலை மாலை லட்டு. "இனிமே ஏத்தி வுடறதுக்கு முன்னாடி எதிர்ல நிக்கறவன் மூஞ்சியப் பாரு பாப்பா," என்று லட்டைத் தின்றுகொண்டே சொன்னான். "அவன் மூஞ்சிய மட்டும் பாத்தா பத்தாது. பின்னால அவன் பொண்டாட்டி நிக்கறா பாரு, அந்தம்மா மூஞ்சியப் பாரு. அது வாடிச்சுன்னா நிறுத்திக்க. அதுக்கு மேல ஏத்தினா பாவம்."

அவன் அந்தப் பேச்சின்படி நடந்தவன். நான் பார்த்திருக்கிறேன். ஒரு பால்காரர் வீம்புக்கு ஏறிக்கொண்டே போக, பின்னால் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒகட்டோ, ரெண்டோ, மூடோ என்று மூச்சு விடாமல் முடித்து லட்டை அவருக்கே கொடுத்துவிட்டான். கமிட்டித் தலைவர் அவனைத் திட்டினார். திட்டட்டும் என்று ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் நான் மறந்திருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும்.

எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு நடமாடிய அந்தக் காலத்தில்தான் போன் வழி ஏலக் குழுக்கள் பெருகின. பழைய நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம், டிக்கெட் என்று சேர்க்கிறவர்கள் வெளியே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவை நடத்தியவரை அட்மின் சார் என்றே எல்லாரும் அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஏலம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர், ஒரு படம், ஒரு தொடக்க விலை. கடைசி ஐந்து நிமிஷத்தில் யாராவது விலை கூட்டினால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். நான் வீட்டுக்காரரின் நம்பரில் சேர்ந்திருந்தேன், படத்துக்கு ஒரு ரோஜாப்பூ. பெண்பிள்ளை என்று தெரிந்தால் அரட்டையடிக்க வருவார்கள் என்ற பயம். ஆகவே அங்கே நானும் எல்லாருக்கும் ப்ரோதான்.

அந்தக் குழுவில் பிள்ளையார் படம் போட்ட ஒரு நம்பர் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் அந்தப் பிள்ளையார் கூடக் கேட்பார். நாணயக்காரரோடு நாணயத்துக்கு மோதுவார், தீப்பெட்டிக்காரரோடு தீப்பெட்டிக்கு மோதுவார். எதையும் சேர்க்கிறவர் மாதிரி தெரியவில்லை; ஒருநாள்கூட ஒரு பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்போதாவது பொருள் அவர் தலையிலேயே விழும். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, வாங்கியவர் பணம் கட்டாததால் மறு ஏலம் என்று அதே பொருள் அதே படத்தோடு திரும்ப வரும். தலையில் விழுந்த லட்டை ஒரு மாதம் தின்றவள் நான். எனக்கு இது புரிய எத்தனை நாள் ஆகும்? அட்மின்தான் யாரையோ வைத்து ஏற்றிவிடுகிறார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு நான் அறுநூறு, எழுநூறு என்று கொடுத்த வாரங்களை நினைத்து வயிறு எரிந்தது. குழுவில் இரண்டொருவரிடம் தனியாகக் கேட்டேன். "தெரியும் ப்ரோ. ஆனா ஐட்டம் அவர்கிட்டதானே இருக்குது," என்றார்கள். களவு என்று தெரிந்தும் வரிசையில் நிற்கிற இந்தப் பணிவைப் போல எனக்கு எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறு இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த வரிசையில் நின்றேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. குழுவில் எல்லாரும் ஐம்பதிலும் நூறிலும் விலை சொல்ல, அந்தப் பிள்ளையார் மட்டும் பதினாறில் முடிப்பார். எங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டிக்கெட் வந்தது. பாகாலாவிலிருந்து சித்தூர், பழுப்பேறிய அட்டை, மேல் ஓரத்தில் தேதி குத்தியிருந்தது, பக்க ஓரத்தில் வெட்டு. படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். முக்கோணம், ஒரு முனையில் வால். கையிலிருந்த சாம்பார்க் கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றும் தெரியாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நைனாவின் போட்டோ எங்கள் வீட்டில் இரண்டே இரண்டுதான். இரண்டிலும் அவர் விறைத்துக்கொண்டு நிற்பார். இது அப்படி இல்லை. இது அவர் கை ஒரு நொடி அசைந்து நின்ற இடம். என்ன விலையானாலும் வாங்கு என்றார் வீட்டுக்காரர். எதற்கும் சட்டென்று பணம் எடுக்காத மனிதர் அவர்.

நூறில் தொடங்கியது. நான் இருநூறு என்றேன். பிள்ளையார் முந்நூற்றுப் பதினாறு என்றார். வேறு ஒருவரும் வரவில்லை. பாகாலா டிக்கெட் வேறு யாருக்கு வேண்டும்? நானும் அவரும் மட்டும் ஏறினோம். ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று மதியம் நீண்டது. ஆயிரம் தாண்டியது, இரண்டாயிரம் தாண்டியது. நான் மூவாயிரம் என்று போட்டதும் மூவாயிரத்து நூற்றுப் பதினாறு என்று வந்து நின்றது.  டிக்கெட் வேண்டும் என்ற ஆசையை மீறிக்கொண்டு, இந்த ஆளுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்ற வெறி வந்தது. கையைக் கட்டிக்கொண்டேன். ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து. அவர் தலையில் விழுந்தது. அட்மின் அடுத்த வாரம் மறு ஏலத்துக்குக் கொண்டுவருவார், அப்போது குறைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குக்கு என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் லேபிலிருந்த தரைவழிப் போனில் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். மணி இரண்டுமுறை அடித்ததும் எடுத்தார்கள். "ஹலோ, மைக் செட்டுங்க, சொல்லுங்க," என்றது குரல். எந்தப் போனை எடுத்தாலும் அப்படித்தான் பேசுவான். அம்மா செத்த அன்றைக்கு எனக்குச் சொல்லக் கூப்பிட்டபோதும் அதைத்தான் முதலில் சொன்னான். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். எதிரில் ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அவருடைய நரம்பு தெரியவில்லை. வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினேன்.

அண்ணன் கடையில் ஆம்ப்ளிபயரைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிஜே பெட்டிகள் வந்த பிறகு அவனுடைய குழாய் ஸ்பீக்கரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய வால்வு ஆம்ப்ளிபயரைக் கலைப்பொருள் என்று வாங்கிப்போக வந்தவர்தான் அந்த அட்மின். பேச்சுவாக்கில் லட்டு ஏலக் கதையைக் கேட்டுவிட்டு, எனக்கும் அதுபோல ஏற்றிவிடுங்களேன் என்று ஒரு புதுப் போனையும் சிம் கார்டையும் கையில் கொடுத்திருக்கிறார். அண்ணன் இதை மறைக்கவே இல்லை. நான் கேட்டதும் வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னான்.

"ஏலம்னா ஏத்தி வுடறதுதானே பாப்பா? நீயே எத்தினி வாட்டி கத்தினே."

"அது சாமிக்குப் போச்சு. இது யாருக்குப் போவுது?"

"அந்தாளுக்குப் போவுது. எனக்கும் ஏதோ குடுக்கறாரு. இதுல யார் குடி கெட்டுப்போச்சு? வேணும்னா வாங்கறான், வேணாட்டி போறான்."

"நேத்து யாரை ஏத்தி வுட்டேன்னு தெரியுமா?"

"ரோசாப்பூ ஒண்ணு வந்துக்கினே இருந்துச்சு."

"நான்தாண்ணா அந்த ரோசாப்பூ."

அவன் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. என் போனில் அந்தப் படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். அப்போதுதான் அவன் அந்த டிக்கெட்டை முதல்முறையாகப் பார்க்கிறான் என்று எனக்கு உறைத்தது. "நான் படமே பாக்கறதில்ல பாப்பா. அவரு நம்பரு சொல்லுவாரு. இத்தினி வரைக்கும் கொண்டுபோன்னு சொல்லுவாரு. நான் கொண்டுபோவேன்," என்றான். அப்புறம் மெதுவாக, "நைனா வெட்டு," என்றான். ஆள்காட்டி விரலால் கண்ணாடித் திரைமேல் அந்த வாலைத் தடவினான்.

அவன் பணத்துக்காகச் செய்தான் என்பதை மன்னித்திருப்பேன். கடை காற்றாடிக்கொண்டிருந்தது, அண்ணி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியாதா? ஆனால் எதிராளியின் முகத்தையும் அவன் பெண்டாட்டியின் முகத்தையும் பார்த்து நிறுத்து என்று எனக்குச் சொன்னவன், ஒரு பொருளின் படத்தைக்கூடப் பார்க்காமல், முகம் தெரியாத யார் யாரையோ ஒரு வருஷமாக ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். பாவம் எது என்று தெரியாதவன் செய்வது வேறு. இவனுக்குத் தெரியும், அதன் எல்லை எத்தனை அங்குலம் என்றுகூடத் தெரியும். தெரிந்தவன் கண்ணை மூடிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் உடனே அட்மினைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். அந்த டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன், மூவாயிரத்து நூற்றுப் பதினாறையும் என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றான்.  அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தெலுங்கில், "அய்போயிந்தி அண்ணா," என்றார். அது முடிந்துபோன விஷயமாம். அந்த விலையைக் காட்டியதும் அதற்கு மேல் கொடுக்கச் சம்மதித்த வெளியூர் ஆள் ஒருவருக்குக் காலையிலேயே அனுப்பியாகிவிட்டதாம். யார் என்று சொல்ல மறுத்தார். நானும் அண்ணனும் சேர்ந்து ஏற்றிய விலைதான் அந்த டிக்கெட்டை எங்கள் கையை விட்டுக் கொண்டுபோனது.

அன்று மாலையே குழுவில் எல்லாவற்றையும் போட்டேன். எந்தெந்தப் பொருளை அந்த நம்பர் ஏற்றியது, எவை அதன் தலையில் விழுந்து மறு ஏலத்துக்கு வந்தன என்று வாரவாரியாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் அந்த நம்பரையும் பிள்ளையாரையும் கறுப்பு அடித்து மறைத்தேன். எவனாவது கூப்பிட்டுப் பார்த்தால் மைக் செட் என்று அவன் சொல்லிவிடுவான். சித்தூரில் அந்தக் குரலைத் தெரியாதவர் யார்? அட்மின் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "நம்பரை ஏன் மறைச்சிருக்கீங்க? ப்ரூஃப் இருந்தா முழுசா காட்டுங்க. இல்லன்னா இது வதந்தி," என்று எழுதினார். ஐட்டம் அவரிடம்தானே இருக்கிறது என்று சொன்ன அதே ஆட்கள் அதற்குக் கை தட்டும் படம் போட்டார்கள். நான் என்ன பதில் எழுதுவது என்று விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். திருட்டைச் சொல்ல வந்தவள் பாதித் திருட்டை மறைத்தால் அவள் பேச்சு எடுபடுமா? அண்ணனைக் காப்பாற்றினேன், அதோடு சேர்த்து அந்த ஆளையும் காப்பாற்றிவிட்டேன். இதை நான் அண்ணனிடம் சொல்லவே இல்லை.

மூன்று மாதம் போயிருக்கும். அண்ணன் லேபுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், காணிப்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்ததால் நெற்றியில் குங்குமம். சாம்பிள் டப்பாக்கள் வரிசையாக இருந்த மேஜையில் ஒரு வெற்றிலையை விரித்து, அதன்மேல் ஒரு டிக்கெட்டை வைத்தான். "கெடச்சிடுச்சு பாப்பா. நைனா டிக்கெட்டு. அலைஞ்சு திரிஞ்சு வாங்கியாந்தேன்," என்றான். பாகாலாவிலிருந்து சித்தூர். ஓரத்தில் வெட்டு, வெட்டில் வால். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நிமிஷம்தான். மைக்ராஸ்கோப்பில் ரத்தப்படலத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. பழைய வெட்டின் உள்விளிம்பும் அட்டையைப் போலவே பழுப்பேறியிருக்கும். இதன் விளிம்பு பால் போல வெள்ளையாக இருந்தது. மேலே தேதி குத்தும் இடம் காலி. விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டில் நேற்றோ முந்தாநாளோ போட்ட வெட்டு.

"இது நீ வெட்டினது," என்றேன்.

அவன் பொய் சொல்லப் பார்த்தான். பிறகு உள்ளதைச் சொன்னான். அட்மினிடமே தன் கூலிக்குப் பதிலாக இந்த விற்காத பழைய டிக்கெட்டை வாங்கி, மைக் செட் பெட்டியிலிருந்த இடுக்கிக்கு எண்ணெய் போட்டு, வேறு அட்டையில் இருபதுமுறை வெட்டிப் பழகி, பிறகு இதில் வெட்டியிருக்கிறான். "அதே பஞ்ச்சுதானே பாப்பா. அதே வெட்டுதானே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

யாருக்குத் தெரியப்போகிறது! எனக்குத் தெரியுமே, நான் யார்? அவன் ஒருமுறை என் முகத்தைப் பார்க்காமல் என்னை ஏமாற்றினான், இப்போது பார்த்துக்கொண்டே ஏமாற்ற வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. "என்னையும் ஏத்தி வுட வந்துட்டியா? இனி என் வாசப்படி ஏறாதே," என்றேன். லேபில் காத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவன் காதைச் சொறிந்தான். சைகை ஒன்றுமில்லை, வெறும் பழக்கம். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். டிக்கெட்டை வெற்றிலையோடு அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அந்த வருஷம் விநாயக சவிதிக்குப் பந்தலில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான். மாரடைப்பு. என் வாசப்படியை அவன் ஏறவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் வழக்கமே இல்லாதவன் அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டான்.

அட்மின் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏலம் நடத்துகிறார். பிள்ளையார் படம் போய்விட்டது, இப்போது வேறு ஏதோ ஒரு மலைக்காட்சிப் படம் ஏற்றிவிடுகிறதாம். அது ஐம்பதிலும் நூறிலும் ஏற்றுவதால் எந்த ஊர் ஆள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போன மாதம் குழுவிலிருந்து ஒருவர் எப்படியோ நம்பர் தேடிக் கூப்பிட்டார். உங்களிடம் பாகாலா வெட்டு டிக்கெட் ஒன்று இருக்கிறதாமே, பத்தாயிரம் தருகிறேன் என்றார். அது போலி என்றேன். அவர் நம்பவில்லை. விலை ஏற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டாயிரம் என்றார். போனை வைத்துவிட்டேன்.

வைத்ததும் மாத்திரை டப்பாவைத் திறந்து அதை எடுத்தேன். ஆறு வருஷமோ பத்து வருஷமோ போனால் அந்த வெள்ளை விளிம்பும் பழுப்பேறிவிடும். தேதி குத்துவது இந்த ஏலக்காரர்களுக்குப் பெரிய வேலையா? நான் போன பிறகு யாராவது இதை நைனாவின் வெட்டு என்று சொல்லி ஏலத்தில் விடுவார்கள், முகம் தெரியாத ஒருத்தியின் தலையில் கட்டுவார்கள். சேகரிக்கிறவர்கள் எதைச் செய்தாலும் ஒன்றைச் செய்யமாட்டார்கள், பொருளின்மேல் பேனாவை வைக்கமாட்டார்கள். நான் லேபில் ஸ்லைடுமேல் பெயர் எழுதும் அழியாத மைப் பேனாவை எடுத்தேன். டிக்கெட்டைத் திருப்பிப் போட்டேன். 'போலி. நைனா வெட்டியதல்ல. என் அண்ணன் வெட்டியது' என்று பின்பக்கம் முழுக்க நிறைகிற மாதிரி எழுதினேன். மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு மாத்திரைகளுக்கு நடுவில் திரும்ப வைத்து மூடினேன். இனி இதை எவனாலும் ஏற்றிவிட முடியாது.